டார்ஜிலிங்கில் நீங்கள் கொடுத்த பூசை

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ, மொன்றியல்
கார்த்திகை 9

அக்னெசுக்கு யோசெப்பின் எழுதுவது.

பெயருக்கு முன்னால் வழக்கமாகப் போடுகிற சொல்லைப் போட இன்றைக்குக் கை வரவில்லை. வெறும் பெயரோடு தொடங்குகிறேன். உன் சுகமும் கேட்கவில்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய், மகள் றொஷினியின் கலியாணச் சட்டைக்கு அளவு கொடுக்கக் கடை கடையாகத் திரிகிறாய் என்று றெஜினா சொன்னாள்.

நீ எத்தனையோ தரம் போன் எடுத்துவிட்டாய். நான் வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ அழுவாய். நீ அழுதால் நான் உன்னைத் தேற்றத் தொடங்கிவிடுவேன், பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து பழகிய பழக்கம் அது. பிறகு என் கோபம் எங்கே போனது என்று நானே தேட வேண்டி வரும். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும் வரை நீ வாய் திறக்க முடியாது. அதற்காகத்தான் பேனையை எடுத்தேன்.

நடந்ததை நான் விளங்கிக்கொண்ட மாதிரி எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்து.

கொன்வென்றில் ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேரும் ஐம்பதாவது வயதை ஒன்றாகக் கொண்டாடுவது என்று முடிவெடுத்தோம். நீ பாரிசில் இருந்து வந்தாய், றெஜினா லண்டனில் இருந்து, மலர் ரொறன்ரோவில் இருந்து, நான் இங்கிருந்து. டில்லியில் சந்தித்து, டார்ஜிலிங்குக்குப் போனோம். புருசன்மார் இல்லை, பிள்ளைகள் இல்லை, அடுப்படி இல்லை, காலாற இருந்து கதைப்பது மட்டும்தான் என்று நீதான் திட்டம் போட்டாய். நான் வரமாட்டேன் என்று நின்றேன். பப்பாவுக்கு எண்பத்துநாலு வயது, என்னோடு இருக்கிற மனுசன், அவரை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டேன். பப்பாதான், “போட்டு வா பிள்ளை, நான் எங்க ஓடப்போறன்” என்று என்னைத் துரத்தினார்.

போய்ச் சேர்ந்த அன்று வீடியோவில் கதைத்தார். காதை மூடித் தொப்பி போடு, தடிமன் பிடிக்கும் என்றார். அடுத்த நாள் அவருக்குத்தான் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டெனிஸ்டன் அதை எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தாலி கட்டியவர், என் நம்பரை விட்டுவிட்டு உன் நம்பருக்கு எடுத்திருக்கிறார். நீ வெளி விறாந்தையில் நின்று கதைத்துவிட்டு உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தாய். முட்டைப் பொரியலை எடுத்துத் தட்டில் போட்டாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நீ அதைச் சாப்பிடவில்லை, நான்தான் சாப்பிட்டேன்.

அப்போதுதான் நீ அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாய். எல்லாரும் போனை ஒரு பையில் போடுவோம், பின்னேரம் மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துக் கதைத்துவிட்டுத் திரும்பவும் போடுவோம், அப்போதுதான் நிம்மதி என்றாய். நான் கைதட்டினேன் அக்னெஸ். என்ன அருமையான யோசனை என்று சொல்லி, முதல் ஆளாக என் போனைக் கொண்டுவந்து உன் பையில் போட்டேன். என்னை நல்லாய்ப் பேய்க்காட்டினாய்.

பின்னேரம் எடுத்தால் இங்கே விடிகிற நேரம். பப்பா எங்கே என்று கேட்டால் டெனிஸ்டன், “நித்திரை” என்பார். ஊருக்கு முன்னால் எழும்பிச் செபமாலையைக் கையில் எடுக்கிற மனுசன் எப்படி இவ்வளவு நேரம் நித்திரை கொள்ளுவார் என்று நான் கேட்கவில்லை. வயது போனால் அப்படித்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். எல்லாம் தெரிந்துகொண்டே நீங்கள் மூன்று பேரும் எனக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தீர்கள்.

பப்பா மூன்றாம் நாள் போய்விட்டார். முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வந்து சேர்ந்திருப்பேன். அவர் கையைப் பிடித்திருப்பேன். இதை நான் எழுதும்போது எனக்குக் கொதி ஏறிப் பேனை தாளைக் கிழிக்கிறது, பார்.

இனி அந்தப் பூசை. “நாங்கள் பேசாமல் இருக்கேல்லை யோசி, பப்பா செத்த அடுத்த நாளே அவருக்கு அங்கயே பூசை குடுத்தனாங்கள், நீயும் இருந்தனிதானே” என்று வட்ஸ்அப்பில் எழுதினாய். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து எழுதியிருப்பாய். அதை வாசித்த நாளில் இருந்துதான் எனக்கு உன்னில் இந்த வெறுப்பு வந்தது. அதற்கு முதல் வெறும் கவலைதான் இருந்தது.

அந்தக் காலமை என்ன நடந்தது என்று சொல்லவா? குளிருக்குப் போர்வைக்குள் கிடந்தவளை நீ எழுப்பினாய். கோயிலுக்குப் போவோம், இவ்வளவு காலமும் எங்களைக் காப்பாற்றினதற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லுவோம் என்றாய். போனோம். பூசை ஹிந்தியில் நடந்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. புதுச் சப்பாத்து காலைக் கடித்தது. நான் றெஜினாவின் காதில், “நான் வெளியில நிக்கிறன்” என்று குசுகுசுத்துவிட்டு எழும்பிப் போனேன். வாசலுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. அங்கே இஞ்சித் தேத்தண்ணி வாங்கி, பனிமலையைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். ரஸ்க்கும் தின்றேன். உள்ளே என் தகப்பனுடைய ஆன்ம இளைப்பாற்றிப் பூசை. நீங்கள் முழங்காலில் நிற்கிறீர்கள். நான் ரஸ்க் தின்றுகொண்டு நிற்கிறேன்.

நீ ஒருத்தியாவது எழும்பி வெளியே வந்து, “யோசி, உள்ளுக்கு வா” என்று என் கையைப் பிடித்திருக்கலாம். காரணம் சொல்லாமலே கூப்பிட்டிருக்கலாம். நான் வந்திருப்பேன். அவருக்காகப் பீடத்துக்குப் போய் நன்மையாவது வாங்கியிருப்பேன். பூசை முடிந்து நீங்கள் கண் சிவந்து வந்தபோது, என்ன மூன்று பேரும் இவ்வளவு பக்திப் பழமாகிவிட்டீர்கள் என்று நான் பகிடி விட்டேன். மலர் சிரித்தாள். எப்படியடி சிரித்தாள்?

அதற்குப் பிறகும் நீங்கள் ஓயவில்லை. அந்தச் சின்ன ரயிலில் ஏற்றினீர்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள் மாதிரி உடுப்பு வாடகைக்கு எடுத்து, கூடையை நெற்றியில் மாட்டி, என்னைக் குதிரையில் ஏற்றிப் படம் எடுத்தீர்கள். “இன்னும் சிரி, இன்னும் சிரி” என்றாய். நான் சந்தோசமாக இருக்க வேண்டும் என்று நினைத்தாய், அது எனக்கு விளங்குகிறது. நான் சந்தோசமாகத்தான் இருந்தேன். என் சீவியத்தில் நான் அவ்வளவு நிம்மதியாக இருந்தது அந்த நாட்களில்தான். அதை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

மலருக்கு மூளை எங்கே போனதோ, அந்தப் படத்தை உடனே பேஸ்புக்கில் போட்டாள். பப்பாவின் மரண அறிவித்தலும் அதே நேரம் பேஸ்புக்கில் போனது. எங்கள் பங்குச் சனம் இரண்டையும் பார்த்தது. “மகள் துக்கத்துக்கு வராமல் குதிரையில நிக்கிறா” என்று ஒரு கதை, “பாவம், அவவுக்குத் தெரியாது” என்று இன்னொரு கதை. எனக்கு இரண்டாவதுதான் கூட நோகிறது. மொன்றியல் முழுக்கத் தெரிந்த ஒரு விசயம் எனக்கு மட்டும் தெரியாது.

டில்லி எயார்போர்ட்டில் பிரியும்போது நீ என்னைக் கட்டிப்பிடித்து விக்கி விக்கி அழுதாய். நான் உன் முதுகைத் தடவி, “ஏனடி அழுறாய், றொஷினியின்ர கலியாணத்துக்கு வருவன்தானே” என்றேன். யார் யாரைத் தேற்றினோம் என்று யோசித்துப் பார். பிறகு நான் பிளேனில் ஏறி, ஒரு சிரிப்புப் படம் பார்த்து, நல்ல நித்திரை கொண்டு வந்து இறங்கினேன். டெனிஸ்டன் வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையுமாக நின்றார். எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற எக்சிட்டை விட்டுவிட்டு நேரே போனார். பாதை மாறிவிட்டீர்கள் என்றேன். பிரேதம் வைத்திருக்கிற மலர்ச்சாலையின் கார் நிறுத்துகிற இடத்தில் நிறுத்திவிட்டு, ஸ்ரியறிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் சிவப்புச் சுவெற்றர் போட்டிருந்தேன். நெஞ்சில் “டார்ஜிலிங்” என்று பெரிதாக எழுதியிருந்தது. அதோடுதான் என் தகப்பனின் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மகள் சஜிதா ஓடிவந்து தன் கறுப்புச் சால்வையால் என்னை மூடினாள்.

“தனிய அவ்வளவு தூரம் பிளேனில அழுதுகொண்டு போவியே” என்று கேட்டு எழுதியிருந்தாய். அழுதால் என்ன? பிளேனில் அழக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா? பக்கத்தில் இருக்கிற யாரோ ஒருத்தி ஒரு துண்டுத் தாள் தந்திருப்பாள், துடைத்திருப்பேன். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வருத்தம், மருந்தில்லாத நோய். பயணத்தில் இருக்கிறவளுக்குச் சொல்லாதே, சோதனை எழுதுகிறவனுக்குச் சொல்லாதே, பிள்ளைத்தாச்சிக்குச் சொல்லாதே. சொல்லாமல் விட்டால் செத்தவர் சாகாமல் இருப்பாரா? நான் ஐம்பது வயதுப் பெண், அக்னெஸ். குண்டுக்குள்ளால் நடந்து வந்தவள். சாவு என்றால் என்னவென்று எனக்கு ஒருவரும் பொத்திப் பொத்திச் சொல்லித்தரத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. றொஷினிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளைக் கையில் ஏந்தியவள் நான். ஞானத்தாய் கோயிலில் முன் வாங்கில் இருக்க வேண்டும் என்று மார்கழி நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு வருகிற கலியாணத்துக்கு என்னைக் கேட்டிருந்தாய். நான் வரமாட்டேன். உன் பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரிக்க இனி என்னால் முடியாது. பிள்ளைக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அது உனக்கு இல்லை, அவளுக்கு.

நீக்கிலாப்பிள்ளையின் மகள்,
யோசெப்பின்


மொன்றியல்
கார்த்திகை 27

அக்னெசுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம். இரண்டு பக்கத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய், மற்ற இரண்டு பக்கத்தில் நீ செய்தது சரி என்று எழுதியிருக்கிறாய். எந்தப் பக்கத்துக்குப் பதில் எழுதுவது?

டெனிஸ்டன் கெஞ்சினார், மறுக்க முடியவில்லை என்கிறாய். அவரையும் நான் விடவில்லை, நீ கவலைப்படாதே. அவர் கீழ் அறையில் படுக்கிறார். நான் சமைத்து மேசையில் வைக்கிறேன், அவர் எடுத்துச் சாப்பிடுகிறார், கதை பேச்சு இல்லை. ஒரு நாள், “உனக்கு என்னவும் நடந்திடும் எண்டு பயந்தனான்” என்றார். எனக்கு என்ன நடக்கும், எனக்கு நடக்க வேண்டியது நடந்துவிட்டது என்றேன். அவர் நல்ல மனுசன்தான். நல்ல மனுசர் செய்கிற இந்த வேலைதான் எனக்கு அரியண்டமாக இருக்கிறது. கெட்டவன் செய்திருந்தால் ஒரே அடியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தது. மண்டபத்தில் சாப்பாடு கொடுத்தோம். தட்டை வைத்துக்கொண்டு ஒரு மனுசி என்னிடம், “டார்ஜிலிங் வடிவான இடமோ?” என்று கேட்டா. அவ கள்ளமில்லாமல்தான் கேட்டா. ஓம், நல்ல வடிவு என்றேன். வேறு என்ன சொல்லுவது?

அன்று எல்லாரும் போன பிறகு சஜிதா சட்டிகளைக் கழுவிக்கொண்டே வாயைத் திறந்தாள். இவ்வளவு நாளும் தகப்பனுக்குக் கொடுத்த சத்தியத்துக்காகப் பேசாமல் இருந்திருக்கிறாள். இரண்டாம் நாள் பப்பா நல்ல தெளிவாக இருந்தாராம். ஒரு நேர்ஸ் ஐபாட் கொண்டுவந்து, தூரத்தில் இருக்கிற மகளோடு கதைக்கட்டுமே என்று கேட்டிருக்கிறாள். டெனிஸ்டன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பப்பாவின் முகத்தில் இருக்கிற மூச்சுக் குழாயைக் கண்டால் எனக்கு விளங்கிவிடுமாம். அந்த நேர்ஸ் சஜிதாவைத் தனியாகக் கூப்பிட்டு, மகளுக்கும் தகப்பனுக்கும் ஏதும் சண்டையா என்று கேட்டிருக்கிறாள். சஜிதா என்னிடம் சொன்னாள்: “அம்மா, எங்கட ஆக்கள் இப்பிடித்தான் எண்டு பிரெஞ்சில எப்பிடிச் சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்ல. ஓம், சண்டை எண்டு சொல்லிப்போட்டன்.”

பப்பா கேட்டிருக்கிறார், “யோசி எங்க?” என்று. “வந்துகொண்டிருக்கிறா அப்பப்பா” என்று... இல்லை, அவள் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள், எனக்கு எழுதும்போதே குழம்புகிறது. “வந்துகொண்டிருக்கிறா தாத்தா” என்று சொல்லச் சொன்னார்களாம், சொன்னாளாம். அதற்குப் பிறகு அவர் தலையைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாராம். திரும்பிப் படுங்கோ என்றால் படுக்கமாட்டாராம். கடைசி வரைக்கும் அந்தப் பக்கம்தான்.

நான் டார்ஜிலிங்கில் தேத்தண்ணி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்று றெஜினா சொன்னாள். நீ நத்தாரும் கலியாணமுமாக ஓடித் திரிகிறாயாம், உன் மனம் நோகுமாம். பார்த்தாயா, அவளும் தொடங்கிவிட்டாள். நோகட்டும். நோவதற்குத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னால் தாண்ட முடியவில்லை. “எனக்கு இப்பிடி ஒண்டு நடந்தாலும் நீங்கள் எனக்குச் சொல்லாதேங்கோ, நான் அதைத்தான் விரும்புவன்” என்று எழுதியிருக்கிறாய். உண்மையாகவா? கண்ணைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டு இருப்பது உனக்குப் போதுமா? அப்படியென்றால் நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு காலமும் சினேகிதம் வைத்தது சும்மாதான்.

பிள்ளையின் கலியாணம் பற்றித் திரும்பவும் கேட்டிருந்தாய். முதல் கடிதத்தில் எழுதியதில் மாற்றம் இல்லை.

யோசெப்பின்


மொன்றியல்
மார்கழி 13

அக்னெஸ்,

முதலில் விசயம். பிறகுதான் மற்றக் கதை. நின்றுகொண்டு வாசிக்கிறாய் என்றால் இரு.

உன் அண்ணை எமிலியானுஸ் இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை சென்ட் லோரன்ட்டில், வேலை செய்கிற பண்டகசாலையில், பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றவர் விழுந்துவிட்டார். மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறது. வலது பக்கம் இயங்கவில்லை. பேச்சு இல்லை, ஆனால் நினைவு இருக்கிறது, யார் வந்தாலும் ஆளை மட்டுக்கட்டுகிறார். இன்னொரு முறை கசிந்தால் தாங்கமாட்டார் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். கசியும் என்றும் சொல்லவில்லை, கசியாது என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவும்தான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவருடைய பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்து வராமல் கிடக்கிறது, அதனால்தான் கலியாணத்துக்கு வருவது சந்தேகம் என்று உன் மச்சாள் பிலோமினா உனக்குச் சொன்னது பொய். பாஸ்போர்ட் அவருடைய மேசை லாச்சிக்குள் இருக்கிறது. தகப்பன் இடத்தில் நின்று றொஷினியின் கையைப் பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப் போவதற்குத் தைத்த கோட்டும் அலுமாரியில் தொங்குகிறது.

உனக்கு போன் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. என் பெயரைக் கண்டால் நீ எடுக்கமாட்டாய் என்று றெஜினா சொன்னாள். நான் எழுதியவற்றுக்கு நீ எடுக்காமல் விட்டது நியாயம்தான். ஆகவே இதைத் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். இந்த முறை என்ன திட்டியிருக்கிறாள் என்று பார்க்கவாவது திறப்பாய்.

இங்கே எல்லாரும் ஒரே முடிவு. நேற்றுக் காலமை பிலோமினாவின் வீட்டில் கூடியிருந்தார்கள். “கலியாணம் முடியட்டும், அக்னெஸ் ஒருத்தியாய் நிண்டு எல்லாம் செய்யிறாள், இப்ப சொன்னால் நிலைகுலைஞ்சு போவாள், மண்டபம், சனம், எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு” என்றார்கள். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிலோமினா அழுதுகொண்டுதான் சொன்னா. டெனிஸ்டனும் தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு ஆட்டுவதை நிறுத்தினார்.

நீயும் எனக்குச் சொல்லாதே என்றுதான் எழுதியிருந்தாய். அதை நான் மறக்கவில்லை. உன் விருப்பத்துக்கு மாறாகத்தான் இதைச் செய்கிறேன். யோசி பழிக்குப் பழி வாங்கினாள் என்று நாளைக்குச் சொல்லுவார்கள். கலியாணத்தைக் குழப்பினாள், எரிச்சலில் செய்தாள் என்பார்கள். நீயும் அப்படி நினைக்கலாம். நினை. என் தகப்பனுக்காக உன்னோடு எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சமும் குறையவில்லை என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இது அதற்காக இல்லை.

நேற்றுப் பின்னேரம் றொஷினி எனக்கு எடுத்தாள். தன் தாய்க்கும் எனக்கும் நடுவில் என்ன சண்டை, ஏன் ஞானத்தாய் கலியாணத்துக்கு வரமாட்டா என்று கேட்கத்தான் எடுத்தாள். கதையோடு கதையாக, “மாமாவின்ர பாஸ்போர்ட் வந்திட்டுதோ?” என்று கேட்டாள். என் வாய் யோசிக்கவே இல்லை. “வரும் பிள்ளை, வரும்” என்று சொல்லிவிட்டது. அவ்வளவு லேசாக வருகிறது. பிள்ளை “தாங்ஸ் மாமி” என்று சந்தோசமாகப் போனை வைத்தாள். நான் புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்கிற கடைத் தொகுதிக்கு முன்னால், பனிக்குள், காரை நிறுத்திவிட்டு அப்படியே இருந்தேன். உள்ளே வேலைக்குப் போகவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பிலோமினா சாப்பிடப் போயிருந்தா. அண்ணையும் நானும்தான். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, “அண்ணை, நான் அக்னெசுக்குச் சொல்லப்போறன்” என்றேன். அவரால் பேச முடியாது. இடது கை மட்டும்தான் அசையும். அந்தக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். சொல்லு என்று பிடித்தாரா, சொல்லாதே என்று பிடித்தாரா என்று எனக்குத் தெரியாது, அக்னெஸ். நான் உனக்குப் பொய் எழுதமாட்டேன். பிடித்தார், விடவில்லை, கண்ணால் தண்ணீர் வந்தது. இவ்வளவுதான் நடந்தது. மிச்சத்தை நீ அவருடைய தங்கச்சி, நீதான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வந்து ஒரு நாள் பார்த்துவிட்டுத் திரும்பலாம், இடையில் நாட்கள் இருக்கின்றன. கலியாணத்தைத் தள்ளி வைக்கலாம். வராமலே விட்டு, தெரிந்துகொண்டே மண்டபத்தில் சிரித்துக்கொண்டு நிற்கலாம், அதற்கும் நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். எதைச் செய்தாலும் நீ அறிந்து செய்ததாக இருக்கும். றொஷினிக்கும் சொல்லு. அவளுக்கு இருபத்தாறு வயது, மாமாவை அவ்வளவு பிடிக்கும், உன்னிடம் இருந்துதான் அவள் அதைக் கேட்க வேண்டும்.

வருவதென்றால் எந்த பிளேன் என்று மட்டும் எழுது. பிலோமினாவோடு சண்டை வந்தால் அதை நான் பார்த்துக்கொள்ளுகிறேன். சஜிதாவின் அறையில் உனக்குப் படுக்கை போட்டிருக்கிறது. தடிப்பான சப்பாத்து கொண்டு வா, இங்கே இடுப்பளவு பனி. என்னோடு கதைக்க விருப்பமில்லை என்றால் கதைக்காதே, நானும் உன்னோடு சிரித்துக் கதைக்கப் போவதில்லை. காரில் பேசாமல் கூட்டிக்கொண்டு போய் அவரிடம் விட்டுவிடுவேன்.

நாளைக்குக் காலமை நான் திரும்பவும் அவரிடம் போவேன். அவர் கதவைப் பார்ப்பார். நீ வருகிறாய் என்று நான் அவருக்குச் சொல்லமாட்டேன். வருவேன் என்று நீ உன் வாயால் சொன்னால் மட்டும்தான் சொல்லுவேன்.

மாதா உனக்குப் பக்கத்தில் நிற்கட்டும். போனை எடு, அக்னெஸ்.

யோசி